மூக்கை ஏமாற்றிய பெட்டி

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல, எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார். கடைக்கு ஆள் வந்தால் நிறுத்துவோம், போனதும் தொடர்வோம். நடுவில் கோர்வை விட்டுப்போனால் அது இருமல் மருந்து கேட்டு வந்தவர் குற்றம், என் குற்றம் இல்லை.

நீ இதற்கு முன் எனக்குக் கடிதம் போட்டது நகராட்சித் தண்ணீர்த் தொட்டி பட்டப்பகலில் சரிந்து விழுந்த வருஷம். பெட்ரோல் விலை ஏறி ஏறி, டாக்சிக்காரர்கள் இறக்கத்தில் எஞ்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போன வருஷம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாடி கட்டி, லிப்ட் ஓடுவதற்கு முன்பே ரிப்பன் வெட்டித் திறந்த வருஷம். உன் அண்ணியை அந்த மாடிக்குப் படி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி இறங்கவில்லை. நீயும் பிறகு எழுதவில்லை.

இப்போது திடீரென்று ஒரு கடிதம். முட்டிவலி எப்படி, சர்க்கரை எவ்வளவு, தூக்கம் வருகிறதா என்று ஒரு பக்கம் முழுக்க என் உடம்புதான். முட்டி இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. உனக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். நல்ல ஜோடி நாம். போன் போட்டால் உனக்குக் கேட்காது, கடிதம் போட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது.

என் முட்டிக்காக நீ தபால்தலை வாங்கியிருக்கமாட்டாய். விஷயத்தைச் சொல்.

அண்ணன்
(கடை ஸ்டாம்ப் மையில் கைநாட்டு)


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

நீங்கள் பதில் போட்டதே எனக்குப் பாதி உடம்பு சரியானது போல இருக்கிறது. முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், மாடிப்படி ஏறாதீர்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மாப்பிள்ளை அந்தத் தண்ணீர் ஜாடி வியாபாரத்தை மறுபடி தொடங்கிவிட்டார். அதே ஜாடி, உள்ளே எஃகுத் தகடுகள், மருந்து கலந்த தண்ணீர். பேட்டரியிலிருந்து கரண்ட் போனால் குமிழி குமிழியாக ஹைட்ரஜன் வருகிறது, ரப்பர் குழாய் வழியாக எஞ்ஜினுக்குப் போகிறது. ‘பாதி பெட்ரோலில் முழுப் பயணம்’ என்று ஷெட் வாசலில் போர்டு. இங்கே ஒரு கால்டாக்சி முதலாளி தன்னுடைய எல்லா வண்டிகளுக்கும் மாட்டச் சொல்லிவிட்டார். வண்டிகள் நன்றாகத்தான் மிச்சம் பிடிக்கின்றன.

ஆனால் போன மாதம் ஒரு வண்டியை மலையிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இவர் எஞ்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் தலையில் என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. அதைச் சாக்கில் சுற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு அந்த டிரைவரிடம், “எண்ணெய் பாக்காம ஓட்டியிருப்பே, வேற என்ன” என்றார். இப்போதெல்லாம் ஆட்களின் உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பேச்சு புரிகிறது. அவர் உதட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும்தான் உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன் அண்ணா.

இதை நான் வேறு யாரிடம் கேட்பேன்?

உங்கள் தங்கை


பிப்ரவரி 27

தங்கச்சிக்கு,

முதலில் உடம்பு விசாரித்து எழுத வேண்டும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரர் மாட்டுவது ஒரு சாமான் இல்லை, இரண்டு. ஜாடி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். டேஷ்போர்டுக்குக் கீழே தீப்பெட்டி அளவில், ஒரு திருகு வைத்த கறுப்புப் பெட்டி இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. ஓட்டை போட்டது அது.

வண்டியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அது எட்டிப் பார்க்க முடியாது. புகைக்குழாயில் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள், நாங்கள் அதை மூக்கு என்போம். மூக்கு புகையை மோந்து பார்த்து, எரிந்தது போக மிச்சம் எவ்வளவு ஆக்சிஜன் என்று சொல்லும். மிச்சம் நிறைய என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கம்ப்யூட்டர் கூடக் கொஞ்சம் ஊற்றும். மிச்சமே இல்லை என்றால் பெட்ரோல் அதிகம், குறைத்துக்கொள்ளும். அந்தக் கறுப்புப் பெட்டி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, மூக்கு என்ன சொன்னாலும், ‘பெட்ரோல் ஜாஸ்தி, ஜாஸ்தி’ என்று மாற்றிச் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பிவிடும். குறைத்துக்கொண்டே போகும். வயிறு காய்ந்த எஞ்ஜின் கொதிக்கும். சமதளத்தில் எப்படியோ தாங்கும். மலை ஏற்றத்தில் பிஸ்டன் உருகும். இதை எனக்கு விளக்கியது, நாங்கள் ‘ப்யூஸ்’ என்று கூப்பிடுகிற வண்டி எலக்ட்ரீஷியன். சொன்ன இடம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டு.

என் வேனிலும் அதுதான் இருந்தது. “மச்சான், இது குடும்ப வண்டி, நல்லா ஓட்டிப் பாத்துட்டு நாலு பேருக்குச் சொல்லுங்க” என்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டார். மலையில் மூன்றாவது வளைவில் எஞ்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. எஞ்ஜின் நின்றதும் பிரேக் மிதி கல்லாகிவிட்டது, மிதித்தால் இறங்கவில்லை. வேன் பின்பக்கமாக உருண்டது. உன் அண்ணி என் பக்கம் திரும்பி, “என்னங்க” என்றாள். பதில் சொல்ல நேரம் இல்லை.

பிறகு டிரைவர் சங்க அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். மேசையைச் சுற்றி சங்கச் செக்ரட்டரி, எஞ்ஜினைப் பிரித்த மெக்கானிக், உன் வீட்டுக்காரர், நீ. உருகின பிஸ்டன் மேசைக்கு வரவே இல்லை. “மச்சான் எண்ணெய் பாக்காம ஓட்டிட்டாரு” என்றார் உன் வீட்டுக்காரர். நான் அன்று காலை உங்கள் வாசலில் வைத்து எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன். துடைக்கத் துணி கொடுத்தது நீ. செக்ரட்டரி உன்னிடம் கேட்டார். நீ ஜன்னலைப் பார்த்தாய். பெண்டாட்டியைக் கொன்றவன் என்று என்னைச் சங்கத்திலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு எவனும் என் கையில் சாவி கொடுக்கவில்லை.

பழைய கதை, விடு. பெட்டிகளைக் கழற்றச் சொல். ஜாடி இருக்கட்டும். பெட்டி போனால் ஓர் எஞ்ஜினும் உருகாது, ஓர் உயிரும் போகாது. இது சத்தியம்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை என்றும் எழுதச் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கோபம் இல்லை என்று எழுதிய இடத்தை இன்னும் அதிக தடவை. சர்க்கரை குறைந்திருக்கிறதா? நடக்கிறீர்களா?

அவரிடம் சொன்னேன். குதித்தார். “உங்க அண்ணன் புத்தியா இது? இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு மெக்கானிக் வேலை கத்துக்குடுக்கிறாரா?” என்றார். நான் பிஸ்டன் ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். சட்டென்று குரல் தழைந்திருக்க வேண்டும், உதடு மட்டும் மெதுவாக அசைந்தது. “பெட்டியைக் கழட்டுறது எனக்கு ஒண்ணும் பெருசு இல்லடி. ஜாடிதான் உயிரு, பெட்டி சும்மா ஒரு துணை. ஆனா கழட்டினா, அன்னிக்கு நான் சங்கத்துல சொன்னது பொய்யின்னு ஆயிடாதா?”

அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நான் உருட்டி மிரட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மலைக்குப் போகிற ஒவ்வொரு வண்டியும் திரும்பி வருகிறதா என்று வாசலிலேயே நிற்கிறேன். என்ன செய்யட்டும்?

உங்கள் தங்கை


மார்ச் 21

தங்கச்சிக்கு,

சர்க்கரை அப்படியே இருக்கிறது. நடக்கிறேன்.

என் பேரை எடுக்காதே. அதுதான் முதல் தப்பு. அந்தக் கால்டாக்சி முதலாளி தன் பெண்டாட்டி பிள்ளைகளை எந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார் என்று மட்டும் மாப்பிள்ளையிடம் கேள். விட்டுவிடு. இரண்டு நாள் ஊறட்டும். பிறகு சொல், ஜாடிதான் உயிர் என்று நீங்களே சொல்கிறீர்களே, துணையைக் கழற்றினால் உயிரா போய்விடும்?

இன்னொன்று. ஒளித்துக் கழற்றினால் அது திருட்டுத்தனமாகத் தெரியும். டிரைவர்கள் எல்லோரையும் ஷெட்டுக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, இது எஞ்ஜினுக்கு ஆகவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, தன் கையால் கழற்றட்டும். சங்கத்துப் பழைய டிரைவர்களையும் கூப்பிடச் சொல். பெரிய மனுஷத்தனமாக இருக்கும். அவருக்குப் பெரிய மனுஷன் ஆக வெகு நாள் ஆசை, எனக்குத் தெரியும்.

போன கடிதத்தில் ஒரு துணியைப் பற்றி எழுதியிருந்தேன். நீ அதைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டாய். பரவாயில்லை. வயசான காலத்தில் எல்லா வரியும் கண்ணில் படாது.

அண்ணன்


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணா,

முட்டிக்கு ஒரு தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்க வேண்டும்.

நடந்துவிட்டது அண்ணா! நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒருநாள் காலை தானாகவே எல்லா டிரைவர்களுக்கும் சொல்லி அனுப்பினார். ஷெட் நிறைய ஆள். பழைய சங்கத்து ஆட்கள்கூட மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லோர் உதடும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். வெள்ளைச் சட்டைக்கார டிரைவர் ஒருவர், “ஏன் தலைவரே, நல்லாத்தானே ஓடிட்டிருந்துது?” என்றார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, “இது இருந்தா மலையில பிஸ்டன் உருகிடும்ப்பா. இது எஞ்ஜினுக்கு ஆகாது” என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். பழைய ஆட்களில் ஒருவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். “அப்ப அன்னிக்கு அந்த வேன்ல?” என்று தொடங்கினார். இவர் டீ வாங்க ஆள் அனுப்பினார்.

ஒரு வாரம் ஆகிறது. பெட்ரோல் முன்போலவே மிச்சமாகிறதாம். ஜாடி ஜாடிதான் என்று மார்தட்டுகிறார். எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் தூக்கம் வந்தது. நீங்கள் இங்கே வந்து ஒரு மாதம் எங்களோடு இருங்கள் அண்ணா. அவரே சொல்லச் சொன்னார்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 25

தங்கச்சிக்கு,

தைலம் வந்தது. எரிகிறது. எரிவது நல்லதுதான்.

உன் கடிதத்தை மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை படித்தார். எனக்குப் போதவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இந்த ஊர் டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன். “தம்பி, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்” என்றேன். உரக்கப் படித்தான். அடுத்த நாள் வேறொருவனிடம் கொடுத்தேன். அவனும் படித்தான். ஸ்டாண்டில் எல்லோருக்கும் இப்போது அது மனப்பாடம். “பெருசு, உங்க கண்ணாடி இன்னும் கிடைக்கலையா?” என்று கேலி செய்கிறார்கள். சிரிக்கட்டும். உன் ஊருக்குச் சவாரி போகிறவர்கள் அங்கேயும் போய்ச் சொல்கிறார்களாம். ‘இது இருந்தா மலையில பிஸ்டன் உருகிடும்ப்பா.’ நல்ல வாக்கியம். அவர் வாயிலிருந்து வந்தது.

ஸ்டூலிலிருந்து எழுந்தவர் யார்? டீ வந்த பிறகு அவர் என்ன கேட்டார், உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? உதடு தெரிகிற இடத்தில்தானே நின்றாய். வார்த்தை மாறாமல் எழுது.

வர முடியாது. முட்டி.

அண்ணன்


மே 30

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறீர்களா? நாங்கள் சுகமாக இல்லை.

பெட்ரோல் ஏறிவிட்டது. இரண்டாவது வாரமே ஒருவர் இருவர் முணுமுணுத்தார்கள். இப்போது எல்லா வண்டியும். ஜாடி மாட்டுவதற்கு முன்னால் குடித்ததைவிட இப்போது அதிகம் குடிக்கிறதாம். காலையில் ஷெட் திறப்பதற்குள் ஆள் நிற்கிறது. “தண்ணியில ஓடும்னீங்க, இப்ப பெட்ரோலையும் குடிச்சுத் தண்ணியையும் குடிக்குது தலைவரே” என்று கிண்டல். கால்டாக்சி முதலாளி ஜாடிகளைப் பிடுங்கி ஷெட் வாசலில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனார். இவர் ஜாடியைத் திறக்கிறார், தகடு தேய்க்கிறார், மருந்தை மாற்றுகிறார், மூடுகிறார். “இது எப்படி, இது எப்படி” என்று உதடு ஓயாமல் அசைகிறது.

பழைய ஆட்கள் இப்போது தினமும் வருகிறார்கள். திட்டுவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “அந்த வேன் விஷயம் சொல்லுப்பா” என்று மட்டும் கேட்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். மறுபடி பெட்டியை மாட்டலாம் என்றால், ஆகாது என்று தானே சொன்ன வாயால் எப்படி மாட்டுவார்?

உங்கள் தங்கை


ஜூன் 16

அண்ணா,

கடிதம் கிடைத்ததா? மருந்துக்கடைக்காரர் ஊரில் இல்லையா? ஒரு வரி போதும். யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள். இவர் மாத்திரையைத் துப்பிவிடுகிறார்.

தங்கை


ஜூலை 7

அண்ணாவுக்கு,

அவர் போய்விட்டார். தந்தி மாதிரி ஒரு வரியில் ஆள் அனுப்பிச் சொன்னேன், நீங்கள் வரவில்லை. ஷெட்டில் ஸ்டூல்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே பெஞ்சைப் பிடித்துச் சரிந்தார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டூல்காரருக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டீர்களே, கடைசியில் சொன்னதை எழுதுகிறேன். “ஆமா, உருகினது பிஸ்டன்தான். மச்சான் எண்ணெய் பாத்தாரு” என்றாராம். அவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் உதட்டைப் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது புரிகிறது. அந்த மூக்கைப் பற்றி அத்தனை விவரமாக எழுதின ஆளுக்கு, பெட்டியைக் கழற்றினால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் உங்கள் கூடப் பிறந்தவள்தானே. இப்போது நிம்மதியா?

தங்கை


ஆகஸ்ட் 20

தங்கச்சிக்கு,

காது எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? மருந்துக்கடைக்காரர் இந்தக் கடிதத்தை எழுதமாட்டேன் என்று ஒரு வாரம் மறுத்தார். வாடிக்கையாளர் என்ற உரிமையில் எழுத வைத்திருக்கிறேன். அதிலும் அவர் இடையில் ‘பாவம் அந்தம்மா’ என்று முனகினதை எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டார்.

தெரியும். முதல் நாளே தெரியும். ஜாடியிலிருந்து ஹைட்ரஜன் தனியாக வருவதில்லை, ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. அது புகையில் மிஞ்சும். மூக்கு மோந்து பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் கூட ஊற்றும். ஜாடிக்குப் போகிற கரண்டும் எஞ்ஜின் உழைத்துக் கொடுப்பதுதான். ஆக, ஜாடி வைத்த வண்டி ஜாடி இல்லாத வண்டியைவிட அதிகம் குடிக்கும். மிச்சம் பிடித்தது முழுக்க அந்தப் பெட்டியின் பொய். முதல் வாரம் வித்தியாசம் தெரியாததற்கும் காரணம் உண்டு. பொய்யைக் கேட்டுக் கேட்டு கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். உண்மை வந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருத்தும். ஆனால் திருத்தாமல் விடாது.

உன் வீட்டுக்காரர் ஜாடியை மனசார நம்பினார். செட்டாக வாங்கினார், செட்டாக மாட்டினார், எது வேலை செய்கிறது என்று ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. ஜாடிதான் உயிர் என்று அவர் சொன்னதாக நீ எழுதினாய் பார், அன்று ராத்திரி நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பெட்டி இருந்தால் ஆள் சாவான். கழற்றினால் வியாபாரம் சாகும். இரண்டில் ஒன்றை அவர் கையாலேயே எடுக்க வைத்தேன். நான் உனக்கு எழுதினதில் ஒரு பொய் காட்டு பார்க்கலாம். மலையில் இனி எவன் பெண்டாட்டியும் திரும்பிப் பார்த்து ‘என்னங்க’ என்று கேட்கப் போவதில்லை. அதற்கும் நான்தான் காரணம்.

ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அப்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பழைய சங்கத்து ஆட்கள் மூன்று பேர் காரில் வந்தார்கள். என் பேரை மறுபடி சேர்த்துவிட்டார்களாம். ஒரு சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்கள். வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால், நிம்மதியா என்று நீ கேட்டதற்கு, இல்லை என்று எழுதச் சொல்கிறேன். இன்னும் இல்லை.

உன் கடிதங்களை எல்லாம் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். அண்ணியைப் பற்றி ஒரு வரி இல்லை. துணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் வீட்டுக்காரர் கூட கடைசியில் சொல்லிவிட்டார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டாவது சொன்னார். அதையும் நீ பார்க்கவில்லை என்று எழுதுகிறாய்.

நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்லும் வரை எழுதிக்கொண்டே இருப்பேன். மாதம் ஒரு கடிதம் வரும். மருந்துக்கடைக்காரர் மறுத்தால் ஸ்டாண்டில் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையைத் துப்பாதே. மழையில் நனையாதே. உன் உடம்பு எனக்கு ரொம்ப முக்கியம். செக்ரட்டரி குளியலறையில் வழுக்கி விழுந்து போனார். மெக்கானிக் குடித்தே போனான். உன் வீட்டுக்காரரும் போய்விட்டார். அந்த விசாரணை மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, தங்கச்சி, நீ ஒருத்திதான்.

(கைநாட்டு)